குளிரின் பெயரால் மறையும் நோய்

நுவரெலியாவிலும் ஹட்டனிலும் அவற்றைச் சூழ்ந்த தோட்டங்களிலும் பிறந்து வளர்ந்தவர்களிடம், சரீரத்தில் தோன்றும் சிறு மாறுதல் எதற்கேனும் காரணம் கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் விடை குளிர் என்பதே. இரவில் பலமுறை எழுந்து வெளியே போக நேர்ந்தால் குளிர். பாதம் மரத்துப் போனால் குளிர். பார்வை மங்கினால் பனிமூட்டம். உடம்பு மெலிந்தால் மலையேறி இறங்கும் உழைப்பு. அலுப்பு மிகுந்தால் வயது. இவ்விடைகளைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. கடல் மட்டத்துக்கு 4,000 அடிக்கும் 6,000 அடிக்கும் மேலான உயரத்தில், மழையிலும் காற்றிலும் நாள் முழுதும் நின்று கொழுந்தெடுக்கும் ஒருவருக்கு இவையெல்லாம் இயல்பாகவே வரக்கூடியவை. ஆயினும் நீரிழிவு நோய் எவற்றைத் தன் முதல் அறிகுறிகளாகக் காட்டுகின்றதோ, அவை அனைத்தும் இந்த விடைகளுக்குள்ளேயே ஒன்றன்பின் ஒன்றாக அடங்கிவிடுவதால், சமவெளியில் வாழ்பவர் ஒருவர் சில மாதங்களிலேனும் சந்தேகப்படக்கூடிய நோயை, மலைநாட்டில் வாழ்பவர் பல வருஷங்கள் சந்தேகியாமலே சுமந்து திரிகின்றார். குளிரால் வருவது எது, நோயால் வருவது எது என்று பிரித்தறியும் வழியை விளக்குவதே இவ்வத்தியாயத்தின் நோக்கம்.

இந்நோய் உழைக்காத செல்வர்களுக்கே உரியது என்னும் அபிப்பிராயம் தோட்டங்களில் ஆழ வேரூன்றியிருக்கின்றது. வெயிலும் மழையும் பாராது சரிவுகளில் ஏறி, தினம் 18 கிலோவோ 20 கிலோவோ கொழுந்து நிறுத்து, வரிச்சாய் மெலிந்த தேகத்துடன் வாழ்பவருக்குச் சீனி வருத்தம் எங்கிருந்து வரும் என்று அவர்கள் கேட்பது நியாயமாகவே தோன்றும். ஆனால் 2005, 2006ஆம் ஆண்டுகளில் மத்திய மாகாணம் உள்ளிட்ட 7 மாகாணங்களில் நடத்தப்பட்ட பேராய்வு, இலங்கையில் வளர்ந்தோருள் நூற்றுக்குப் பத்துப் பேருக்குமேல் நீரிழிவு உடையவர்கள் என்றும், அவர்களுள் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டோர் அப்பரிசோதனை நாள் வரையில் தமக்கு அந்நோய் இருப்பதை அறியாதிருந்தவர்கள் என்றும் காட்டிற்று. 2018, 2019ஆம் ஆண்டுகளில் நடந்த மற்றோர் ஆய்வின் கணக்கு நூற்றுக்கு 23 என்று உயர்ந்திருந்தது. ஒரு தலைமுறைக்கு முன்னர் நகரவாசிகளின் நோயாக இருந்தது இன்று எந்த ஊரையும் ஒதுக்கி வைக்கவில்லை.

அறிகுறிகளின் காரணத்தை உணர்ந்தாலன்றி அவற்றை நம்பிக்கையோடு அடையாளங்காண்பது கடினமாகையால், முதலில் சரீரத்தின் ஏற்பாட்டைச் சிறிது நோக்குவோம். சுகதேகியான ஒருவரின் உடம்பெங்கும் ஓடும் சுமார் 5 லீற்றர் இரத்தத்தில், வெறும் வயிற்றில் கலந்திருக்கும் குளுக்கோஸ் மொத்தம் ஏறக்குறைய 5 கிராம். ஒரு தேக்கரண்டி சீனியின் அளவுதான். உண்ணும் சோறும் ரொட்டியும் தேநீரில் கரைத்த சீனியும் இரத்தத்தில் வந்து சேர்ந்தவுடன், கணையம் இன்சுலினைச் சுரந்து, அவற்றைத் தசைக்குள்ளும் ஈரலுக்குள்ளும் செலுத்தி, அந்த ஒரு தேக்கரண்டி அளவை மறுபடியும் நிலைநிறுத்துகின்றது. சிறுநீரகங்களோ நாளொன்றுக்கு 180 லீற்றர் அளவு நீரை வடித்தெடுத்து, அதிலுள்ள குளுக்கோஸ் முழுவதையும் திரும்ப இரத்தத்துக்கே சேர்த்துவிடுகின்றன. இன்சுலின் குறைந்தாலோ, இருந்தும் அதற்குத் திசுக்கள் இணங்காது போனாலோ இரத்தத்தில் சீனி ஏறிக்கொண்டே போகும். 100 மில்லிலீற்றரில் 180 மில்லிகிராம் என்னும் எல்லையைக் கடந்ததும் சிறுநீரகங்களால் எல்லாவற்றையும் மீட்க முடிவதில்லை. காசல்ரீ நீர்த்தேக்கம் தன் மட்டம் நிரம்பும் வரையில் மௌனமாக இருந்து நிரம்பிய பின்னரே வான் பாய்வது போல, அதுகாறும் வெளியே ஒன்றும் தெரியாதிருந்து, அந்த எல்லை கடந்தபின்னரே சீனி சிறுநீரில் இறங்குகின்றது. இறங்கும்போது தன்னோடு நீரையும் இழுத்துச் செல்கின்றது. அடிக்கடி சிறுநீர் கழிவதும், கழிந்த நீரை ஈடுசெய்யத் தாகம் எடுப்பதும் இதன் விளைவுகள்.

இங்கேதான் குளிர் நம்மை மயக்குகின்றது. குளிர் தாக்கும்போது தோலுக்கு அண்மையிலுள்ள இரத்தக் குழாய்கள் சுருங்கி, இரத்தம் உள்ளுறுப்புகளில் மிகுந்து, சிறுநீரகங்கள் அதிக நீரை வெளியேற்றுவது உண்மையே. மார்கழி தை மாதங்களில் நுவரெலியாவில் உறைபனி படியும் இரவுகளில் யாரும் இருமுறை எழுந்திருப்பார். ஆனால் குளிரால் எழுபவருக்குத் தாகம் எடுப்பதில்லை. வந்து போர்வைக்குள் புகுந்ததும் உறங்கிவிடுகின்றார். நீரிழிவால் எழுபவர் நாக்கு வறண்டு, காம்பராவின் மூலையிலிருக்கும் குடத்தைத் தேடிச் சென்று செம்பு நிறைய நீர் குடிக்கின்றார். குடித்த நீர் சிறிது நேரத்தில் மறுபடி எழுப்புகின்றது. வெயில் காலம் வந்த பின்னரும் இது தொடர்ந்தால் குளிரைக் குறை சொல்ல இடமில்லை. மலசலகூடம் லயத்துக்கு வெளியே தூரத்தில் இருக்கும் வீடுகளில், கதவு திறக்கும் ஓசையையும் இஸ்தோப்பில் விளக்கு எரிவதையும் உடனிருப்போர் அறிவார்கள் ஆகையால், இந்த அறிகுறியை நோயாளிக்கு முன்னரே வீட்டார் கண்டுகொள்ளக் கூடும்.

பகலில் இது மறைந்திருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு; அதைச் சொல்லும்போது மனம் வருந்தாமல் இருக்க முடியவில்லை. கொழுந்தெடுக்கும் மலைகளில் பெண்களுக்கு ஒதுங்க இடம் கிடைப்பது அரிது. அதனால் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்ளவும், வந்ததை அடக்கவும் அவர்கள் பழகிவிடுகின்றனர். அடிக்கடி சிறுநீர் கழிகின்றதா என்று வைத்தியர் கேட்கும்போது, இல்லை என்று அவர்கள் சொல்லும் விடை வாழ்க்கை நிர்ப்பந்தம் கற்பித்த விடை. பகலில் எத்தனை முறை என்று கேட்பதைவிட, இரவில் எத்தனை முறை என்றும், பொழுது சாய்ந்து வீட்டுக்கு வந்ததும் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள் என்றும் கேட்பதே அவர்களிடம் உண்மையைக் கொண்டுவரும்.

சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைக் கொண்டு மதுமேகத்தை அறிந்த நம் பண்டை வைத்தியர்களின் நுண்ணோக்கு வியந்து போற்றத்தக்கது; ஐரோப்பாவில் 17ஆம் நூற்றாண்டில் தோமஸ் வில்லிஸ் அதன் இனிப்பை எடுத்துரைத்ததும், 1776இல் மத்தேயு டொப்சன் அந்த இனிப்பு சீனியே என்று நிரூபித்ததும் வெகுகாலம் கழிந்த பின்னரே. எனினும் எறும்பு வருவதை எதிர்பார்த்து இருப்பது தகாது. மேலே சொன்ன 180 என்னும் எல்லையைக் கடந்த பின்னரே சிறுநீரில் சீனி காணும். நோயோ அதற்கு வெகுமுன்னரே தொடங்கிவிடுகின்றது. பிரித்தானியாவில் 1977 முதல் இருபதாண்டுகள், ஐயாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளரை வைத்து நடத்திய பேராய்வில், நோய் கண்டறியப்பட்ட நாளிலேயே இன்சுலின் சுரக்கும் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி அழிந்திருந்ததும், பலருக்குக் கண்ணிலோ நரம்பிலோ கேடு தொடங்கியிருந்ததும் தெரியவந்தன.

இரத்தத்தில் மிகுந்து கிடக்கும் சீனியைத் தசைகள் பயன்படுத்த முடியாதிருப்பதால், உண்டும் உண்ணாதவர் போன்ற சோர்வு உண்டாகின்றது. தசையும் கொழுப்பும் கரைந்து எடை குறைகின்றது. நன்றாகப் பசித்து, நன்றாக உண்டு, அப்படியிருந்தும் மெலிந்து போவதே கவனிக்க வேண்டியது. உழைப்பினால் மெலிபவருக்கு ஓய்வு நாளில் அலுப்புத் தீரும்; இந்தச் சோர்வு ஞாயிற்றுக்கிழமையும் தீர்வதில்லை. கண்ணின் வில்லையில் நீர்ச்சமநிலை மாறுவதால் பார்வை சில நாட்கள் தெளிந்தும் சில நாட்கள் மங்கியும் காணும். இந்நிலையில் புதுக் கண்ணாடி வாங்குவது வீண் செலவாய் முடியும், சீனி அடங்கியதும் பார்வை மறுபடி மாறிவிடும் ஆதலால். கழுத்தின் பின்புறத்திலும் அக்குளிலும் தோல் கறுத்து, வெல்வெட்டுத் துணியைப் போலத் தடித்திருப்பதைக் கூடைக் கயிறு உராய்ந்ததென்றோ அழுக்கென்றோ எண்ணித் தேய்த்துக் குளிப்பவர் உண்டு. தேய்த்தும் போகாத அக்கருமை, இன்சுலினுக்கு உடல் இணங்காதிருப்பதன் புற அடையாளமாய் இருக்கக்கூடும். பிறப்புறுப்பில் அடிக்கடி வரும் அரிப்பும் வெள்ளைப்படுதலும் சீனியில் செழித்து வளரும் பூஞ்சணத்தால் வருவனவாய் இருக்கலாம். வெட்கத்தால் பெண்கள் இதைச் சொல்லாது மறைப்பதும், ஆண்கள் தமக்கு வரும் இதே அரிப்பை வேறு நோயென்று அஞ்சி மறைப்பதும் பல மாதங்களை வீணாக்குகின்றன.

பாதத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மலைநாட்டில் கால்தான் ஒருவருடைய ஜீவனம். சீனி மிகுதியால் முதலில் கேடுறும் நரம்புகள், உடம்பிலேயே நீளமானவையாகிய பாதத்து நரம்புகள். விரல் நுனிகளில் ஊசி குத்துவது போன்ற உணர்ச்சி, எறும்பு ஊர்வது போன்ற கூச்சம், உள்ளங்கால் எரிவு, பின்னர் மரப்பு என்ற முறையில் அது இரு கால்களிலும் ஒருசேர ஏறுகின்றது. குளிரில் மரத்த கால் அடுப்பங்கரையில் சற்று நேரம் இருந்தால் தெளிந்துவிடும். நரம்பு கெட்ட கால் வெப்பத்தில் தெளிவதில்லை, இரவில் படுத்த பின்னர் இன்னும் மோசமாகின்றது. இந்த வேற்றுமையைச் சோதித்துப் பார்க்க நினைத்து அடுப்புக்கருகில் காலை நீட்டுவது ஆபத்தானது. உணர்ச்சி குன்றிய பாதம் தீய்ந்து கொப்புளம் எழுவதையும் உணராது. கொதிநீரில் கால் அமிழ்த்துவதும் அவ்வாறே. நீரின் சூட்டை முழங்கையாலோ, வீட்டிலுள்ள மற்றொருவர் கையாலோ பார்த்துவிட்டுக் காலை வைப்பது நலம்.

மழைக்காலத்தில் தேயிலைச் செடிகளுக்கிடையே நடப்பவர் எவர் காலிலும் அட்டை ஏறும். அட்டை கடிக்கும்போது வலிப்பதில்லை. அதன் உமிழ்நீரிலுள்ள ஒரு பொருள் இரத்தத்தை உறையவிடாது தடுப்பதால், அது விழுந்த பின்னரும் வெகுநேரம் இரத்தம் கசியும். பிறகு அந்த இடம் அரிக்கும், சொறிந்தால் புண்ணாகும். சுகதேகிக்கு அப்புண் ஒரு வாரத்தில் காய்ந்து, சிறு தழும்பாய் நின்றுவிடும். சென்ற மழைக்குக் கடித்த இடம் இந்த மழை வரையிலும் ஈரமாகவே இருக்குமானால், ஒரு புண் ஆறி மற்றொன்று புறப்படுமானால், விரலிடுக்கில் சேற்றுப்புண் எத்தனை மருந்து பூசியும் மாறாதிருக்குமானால், இரத்தத்தில் சீனியைப் பார்க்காமல் களிம்பை மாற்றிக்கொண்டிருப்பது தவறு. மாலையில் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் காலைக் கழுவும் வேளையில், அட்டை தேடும் அதே கண்ணால் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் பார்த்துக்கொள்ளும் பழக்கம் பலருடைய பாதங்களைக் காப்பாற்றும் என்பது என் உறுதியான நம்பிக்கை.

இதுவரை சொன்னவை வயதானவர்களுக்கு மெல்ல மெல்ல வரும் நீரிழிவைச் சார்ந்தவை. சிறுபிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் வரும் மற்றொரு வகை வருஷக்கணக்கில் காத்திருப்பதில்லை. கணையத்தின் இன்சுலின் சுரப்பு பெரும்பாலும் அழிந்துபோவதால் சில வாரங்களில் உயிருக்கே ஆபத்து நேரும். படுக்கையில் சிறுநீர் கழிப்பதை நிறுத்திவிட்ட பிள்ளை மறுபடி நனைக்கத் தொடங்கினால், ஓயாது தண்ணீர் கேட்டால், சில வாரங்களில் விலா எலும்பு தெரிய மெலிந்தால், அன்றைக்கே இரத்தப் பரிசோதனை செய்விக்க வேண்டும். இவற்றோடு வாந்தி, வயிற்றுவலி, பெருமூச்சு, மூச்சில் பழுத்த பழத்தின் வாசனை ஆகியவையும் சேர்ந்தால், அது பூச்சித் தொல்லையுமன்று, இழுப்புமன்று; விடியட்டும் என்று காத்திராமல் கிடைத்த வாகனத்தில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டிய அவசரம். 1922 ஜனவரியில் கனடாவின் டொரொன்டோ நகரில் லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்படும் வரையில் இவ்வகை நோயுற்ற பிள்ளைகள் பிழைத்ததில்லை; இன்று உரிய நேரத்தில் சேர்க்கப்படும் பிள்ளை பள்ளிக்கூடம் போய், தொழில் பார்த்து, நீண்ட ஆயுளுடன் வாழ முடியும்.

அறிகுறி ஒன்றுமே இல்லாதவர்களைப் பற்றி என்ன சொல்வது? பெரும்பாலோர் இவ்வகுப்பினரே. பருமனாயிருப்பவர் மட்டுமே அஞ்ச வேண்டும் என்ற எண்ணத்தைப் பூனா நகரத்து வைத்தியர் யாஜ்னிக் என்பாரின் ஆராய்ச்சி அசைத்துவிட்டது. சராசரி 2.7 கிலோ எடையுடன் பிறந்த பூனாக் குழந்தைகளை, 3.5 கிலோ எடையுள்ள இங்கிலாந்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டபோது, நம்மவர் குழந்தைகளிடம் தசை குறைந்திருந்த அளவுக்குக் கொழுப்பு குறைந்திருக்கவில்லை. மெலிந்த தோற்றத்துக்குள்ளேயே கொழுப்பைக் கொண்டு பிறக்கும் இவ்வுடலமைப்பு பிற்காலத்தில் நீரிழிவுக்கு இடங்கொடுக்கின்றது. கர்ப்பத்தில் பட்டினியறிந்த சிசு, குறைந்த ஆகாரத்துக்கே தன் அவயவங்களை அமைத்துக்கொள்கின்றது என்றும், பின்னர் மாவும் சீனியும் தாராளமாகக் கிடைக்கும்போது அவ்வமைப்பு தாங்காமற் போகின்றது என்றும் ஹேல்ஸ், பார்க்கர் என்னும் இரு பிரித்தானிய அறிஞர்கள் 1992இல் எடுத்துரைத்தனர். 1944, 45ஆம் ஆண்டுகளின் கடுங்குளிரில் ஒல்லாந்தில் நேர்ந்த பஞ்சத்தின்போது கருவிலிருந்தவர்களை, அவர்களுக்கு ஐம்பது வயதானபோது பரிசோதித்ததில், சீனியைச் சமாளிக்கும் சக்தி அவர்களிடம் குன்றியிருக்கக் காணப்பட்டது.

இதைப் படிக்கும்போது நம் தோட்டங்களை எண்ணாமலிருக்க முடியாது. 1973, 74ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்ட மக்கள் பட்டினியால் மடிந்தனர். அக்காலத்தில் அங்கே மரண விகிதம் வெகுவாக உயர்ந்தது. அப்போது தாய் வயிற்றிலிருந்தவர்கள் இன்று ஐம்பது வயதைக் கடந்து, கொழுந்துக் கூடையை மகளிடம் கொடுத்துவிட்டு லயத்தில் ஓய்ந்திருக்கின்றார்கள். ஒல்லாந்தருக்கு நேர்ந்தது இவர்களுக்கும் நேர்ந்திருக்கலாம் என்று அஞ்ச நியாயமுண்டு. இளந்தலைமுறையும் அப்பாற்பட்டதன்று: 2016ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமற்றிருக்க, தோட்டங்களில் அத்தொகை 32 ஆக இருந்தது. பட்டினியிலே தொடங்கி, காலையில் கோதுமை மாவு ரொட்டியும் சம்பலும், இடையிடையே இனிப்புத் தேநீரும் என்று நடந்து, உழைப்பு நின்ற பின்னரும் ஆகாரம் மாறாத வாழ்க்கையில், மெலிந்த தேகம் எந்தக் காவலும் தருவதில்லை. ஆகையால் 35 வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும், பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ நோயுள்ளவர் அதற்கு முன்னரும், கர்ப்ப காலத்தில் சீனி ஏறியிருந்த தாய்மார் பிள்ளை பிறந்த பின்னரும், அறிகுறிக்குக் காத்திராமல் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

பரிசோதனைக்குப் போகும் காலையில் நேரும் ஒரு பிழையை இங்கே குறிக்க வேண்டும். எட்டு மணி நேரமாவது வயிறு வெறுமையாயிருக்க வேண்டும் என்று முதல் நாள் சொல்லி அனுப்பியிருப்பார்கள்.

"காலையில ஏதும் சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்பார் இரத்தம் எடுப்பவர்.

"ஒண்ணுமே சாப்பிடலைங்க ஐயா. தேத்தண்ணி மட்டுந்தான் குடிச்சேன்."

விடியுமுன் எழுந்து, பெரட்டுக்குப் போகுமுன் சூடாக ஒரு கோப்பை அருந்துவது அம்மலைகளில் மூச்சுவிடுவதைப் போன்ற வழக்கமாகையால், அதை யாரும் சாப்பாட்டோடு சேர்த்து எண்ணுவதில்லை. ஆனால் இரண்டு மூன்று கரண்டி சீனியிட்ட அந்தக் கோப்பை, இல்லாத நோயை இருப்பதாகவும் காட்டிவிடக்கூடும். தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம்; தேநீர் இரத்தம் எடுத்த பின்னர்தான். விரலில் குத்திப் பார்ப்பதானால், கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவி உலர்த்தி, விறைத்திருந்தால் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். விரலில் ஒட்டிய பழச்சாறும் கணக்கை ஏற்றிக் காட்டும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி பரிசோதனை வசதியானதே; ஆயினும் இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகையுள்ளவர்களுக்கு அது உண்மைக்கு மேலாகக் காட்டக்கூடும் ஆதலால், சோகையுள்ள பெண்களுக்கு வெறும் வயிற்று இரத்தப் பரிசோதனையையே நான் மேலாகக் கொள்வேன். அதில் 126 அல்லது அதற்கு மேல் வந்து, மற்றொரு நாளும் அவ்வாறே வந்தால் நீரிழிவு உறுதி. 100க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. இடைப்பட்டது எல்லையில் நிற்பவரின் நிலை.

2011 முதல் சுகாதார அமைச்சு நாடெங்கும் நடத்திவரும் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் இப்பரிசோதனை இலவசமாகச் செய்யப்படுகின்றது. நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையும், இந்திய உதவியால் கட்டப்பட்டு 2017 மே மாதத்தில் திறக்கப்பட்ட 150 படுக்கைகள் கொண்ட டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையும் சிகிச்சைக்கு உள்ளன. அந்நிலையங்களுக்குப் பெண்கள் வருமளவுக்கு ஆண்கள் வருவதில்லை. ஒரு நாள் பேர், அதாவது அன்றைய கூலி, போகும் என்ற அச்சம் நியாயமானது. தோட்ட நிர்வாகங்கள் கொழுந்து மடுவத்திலேயே பரிசோதனைக்கு இடங்கொடுத்தால் அந்த அச்சத்துக்கே இடமிராது.

எல்லையில் நிற்பவருக்கு நற்செய்தி உண்டு. சென்னையில் வைத்தியர் இராமச்சந்திரனும் அவர்தம் குழுவினரும் இத்தகைய 531 பேரை மூன்றாண்டுகள் பின்தொடர்ந்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் அரைமணி நேரம் நடந்து உணவைத் திருத்திக்கொண்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 28 விழுக்காடு குறைந்திருந்தது. மலையில் வேலை செய்பவருக்கு நடை போதும். அவர் திருத்த வேண்டியது தேநீரின் சீனியையும், ரொட்டிக்குப் பக்கத்தில் பருப்பும் கீரையும் இல்லாத தட்டையும். வேலையிலிருந்து ஓய்ந்தவருக்கு இரண்டும் வேண்டும். ஓராண்டு கழிந்ததும் அவர்கள் மறுபடி பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருவருக்கு நோய் உறுதியானால் அவருடைய உடன்பிறந்தோரையும் வளர்ந்த பிள்ளைகளையும் அழைத்துவரச் சொல்வது வைத்தியரின் கடமை. கொழும்புக் கடைகளில் நாள் முழுதும் நின்ற இடத்திலேயே நின்று, கிடைத்ததை உண்டு வாழும் மகன், தீபாவளிக்கு ஊர் திரும்பும் விடுமுறையில் ஒரு காலை வேளையை இதற்கு ஒதுக்கினால் போதும்.